குடியரசுத் தலைவரின் கையொப்பம்: 1969ஆம் ஆண்டுத் தேர்தலும் விருதுநகரும்

சிவகாசி அச்சகங்களில் அச்சாகிப் பள்ளிக்கூட வாசல் கடைகள் வரை சென்று சேரும் படத்தாள்களுள் ‘இந்தியக் குடியரசுத் தலைவர்கள்’ என்பதும் ஒன்று. வரிசையாகச் சிறு சதுரங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு முகம். கீழே பெயரும் பதவிக் காலமும். நம் அரபிக் கல்லூரியில் ஓதும் மாணவர் ஒருவர், அச்சகத் தொழிலாளி ஒருவரின் மகன், அத்தகைய தாள் ஒன்றை வகுப்புக்குக் கொண்டுவந்து நம்மிடம் கேட்டார்: “ஹஜ்ரத், இவர்களில் மூவர் நம்மவர். அமெரிக்காவில் அந்த நாற்காலியில் அமர்கிறவர் உலகத்தையே அசைத்துவிடுகிறார். நம்மவர் மூவரும் டில்லியில் அமர்ந்து என்ன செய்தார்கள்?”

இளமைக்குரிய கேள்விதான். ஆயினும் எளிதில் ஒதுக்கிவிடத் தக்கதன்று. இக்கேள்வியில் பதவியைப் பற்றிய ஒரு மயக்கம் இருக்கிறது; பெயர்களை எண்ணி மகிழும் நம் சமுதாயத்தின் வழக்கமும் இருக்கிறது. இரண்டையும் தெளிவுபடுத்திக்கொள்ள 1960களுக்கும் 1970களுக்கும் நாம் திரும்பிச் செல்ல வேண்டும். அக்கதையின் பெரும்பகுதி இந்த விருதுநகர் மண்ணில் பிறந்த ஒருவரைச் சுற்றியே சுழல்கிறது என்பது நம் வட்டாரத்துப் பிள்ளைகள் அறிய வேண்டிய செய்தியாகும்.

ரயீஸும் வஜீரும்

அரபு மொழியில் ‘ரயீஸ்’ என்னும் சொல் தலை என்று பொருள்படும் ‘ரஃஸ்’ என்பதிலிருந்து வருவது. ‘வஜீர்’ என்பதற்குச் சொல்லாராய்ச்சியாளர் கூறும் வேர்களுள் முதன்மையானது சுமை எனப் பொருள்படும் ‘விஜ்ர்’ என்பதாகும். ரயீஸ் தலையாக நிற்பவர். வஜீர் சுமையைத் தாங்குபவர். தலைமையும் சுமையும் ஒருவரிடமே இருக்க வேண்டுமா, இருவரிடம் பிரிந்து நிற்கலாமா என்னும் வினா புதியதன்று. ஹிஜ்ரி 450இல், அதாவது கி.பி. 1058இல், மறைந்த இமாம் மாவர்தீ தமது ‘அல்அஹ்காமுஸ் சுல்தானிய்யா’ என்னும் ஆட்சியியல் நூலில் அமைச்சுப் பதவியை இரண்டாக வகுத்தார். ஒன்று ‘தஃப்வீள்’: பொறுப்பனைத்தையும் ஒப்படைத்துவிடும் அமைச்சு. மற்றது ‘தன்ஃபீத்’: தலைவரின் கட்டளையை நிறைவேற்றும் அமைச்சு. முதல் வகையில் அமைச்சர் தம் சொந்த ஆய்வின்படி காரியங்களை நடத்துவார். இரண்டாம் வகையில் அவர் தலைவரின் கையாக மட்டும் இயங்குவார்.

அமெரிக்க ஆட்சிமுறையை விளக்க இரண்டாம் வகை நமக்குக் கைகொடுக்கிறது. அங்கே அதிபரே தலை. அதிபரே சுமை தாங்குபவர். அமைச்சர்களை அவரே தேர்ந்து, மேலவையின் இசைவுடன் நியமிக்கிறார். அவர்கள் சட்டமன்ற உறுப்பினர்களாக இருத்தல் ஆகாது. இந்திய முறைக்கு முதல் வகை ஓரளவு நெருக்கமானது. ஆட்சி முழுவதும் குடியரசுத் தலைவர் பெயரால் நடைபெறுகிறது. ஆனால் சுமை பிரதமர் தலைமையிலான அமைச்சரவையின் தோளில் இருக்கிறது. பண்டைய ஆட்சிமுறையும் இன்றைய மக்களாட்சியும் ஒன்றென நாம் கூற வரவில்லை. விளங்கிக்கொள்வதற்கான ஓர் ஒப்புமையே இது.

இந்த ஒப்புமையில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. ஒப்படைத்துவிட்டதனால் தலைவரின் பொறுப்பு தீர்ந்துவிடுவதாக மாவர்தீ கூறவில்லை. தாம் செய்தவற்றை அமைச்சர் தலைவருக்கு அறிவித்தாக வேண்டும். தலைவர் அவற்றை ஆராய்ந்து சரியானதை நிலைநிறுத்தித் தவறானதைத் திருத்த வேண்டும் என்பது அவர் வகுத்த வரையறை. நம் அரசியல் சட்டத்தின் 78ஆம் பிரிவும் அமைச்சரவையின் முடிவுகளைக் குடியரசுத் தலைவருக்குத் தெரிவிப்பது பிரதமரின் கடமை என்கிறது. அறிவிப்பவர் ஒருவர் என்றால் கேட்டுச் சிந்திப்பவர் ஒருவர் இருந்தாக வேண்டும் அல்லவா? அந்தச் சிந்தனை நடந்ததா, இல்லையா என்பதே நம் கட்டுரையின் மையம்.

விருதுநகரிலிருந்து டில்லிக்கு

1903ஆம் ஆண்டு ஜூலை 15இல், அந்நாளில் விருதுபட்டி என வழங்கிய ஊரில் காமராஜர் பிறந்தார். 1954 ஏப்ரலில் முதலமைச்சரானார். 1963 அக்டோபர் 2இல் அப்பதவியைத் தாமே துறந்தார். மூத்த தலைவர்கள் ஆட்சியைவிட்டுக் கட்சிப் பணிக்குத் திரும்ப வேண்டும் என அவர் முன்வைத்த யோசனை ‘காமராஜ் திட்டம்’ எனப் பெயர் பெற்றது. அதன்படி ஆறு முதலமைச்சர்களும் ஆறு மத்திய அமைச்சர்களும் பதவி விலகினர். காஷ்மீரின் பக்ஷி குலாம் முகம்மதும் லால் பகதூர் சாஸ்திரியும் மொரார்ஜி தேசாயும் ஜகஜீவன் ராமும் அப்பட்டியலில் அடங்குவர். 1964 ஜனவரியில் புவனேசுவரத்தில் கூடிய மாநாட்டில் காமராஜர் அகில இந்தியக் காங்கிரஸ் தலைவராகப் பொறுப்பேற்றார்.

இதே காலத்தில் இரு நாடுகளில் நேர்ந்த இரு மரணங்களை ஒப்பிட்டுப் பார்த்தல் தகும். 1963 நவம்பர் 22இல் அதிபர் கென்னடி டல்லாஸ் நகரில் சுட்டுக்கொல்லப்பட்டார். ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற்குள், விமானம் தரையை விட்டு எழும்பும் முன்பே, துணை அதிபர் ஜான்சன் அவ்விமானத்துக்குள் பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டார். அங்கே வாரிசு யார் என்பதைச் சட்டம் முன்கூட்டியே எழுதிவைத்திருக்கிறது.

1964 மே 27இல் பிரதமர் நேரு மறைந்தார். இந்தியாவில் பிரதமருக்குச் சட்டம் வகுத்த வாரிசு இல்லை. குடியரசுத் தலைவர் இராதாகிருஷ்ணன் அன்றைய தினமே குல்ஜாரிலால் நந்தாவைப் பதவியேற்கச் செய்தார். பிறகு காமராஜர் உறுப்பினர்களையும் முதலமைச்சர்களையும் கலந்து கருத்தறிந்து, சாஸ்திரியை ஒருமனதாகத் தேர்ந்தெடுக்க வழிவகுத்தார். ஜூன் 9இல் சாஸ்திரி பதவியேற்றார். 1966 ஜனவரி 11இல் தாஷ்கண்டில் சாஸ்திரி மறைந்தபோதும் நந்தாவே இடைக்காலப் பொறுப்பேற்றார். இம்முறை ஒருமனதான முடிவு வாய்க்கவில்லை. ஜனவரி 19இல் நடந்த வாக்கெடுப்பில் இந்திரா காந்தி 355 வாக்குகளும் மொரார்ஜி தேசாய் 169 வாக்குகளும் பெற்றனர். ஜனவரி 24இல் இந்திரா பிரதமரானார். இரு தடவையும் இடைவெளி 13 நாட்கள். அவ்விரு இடைவெளிகளிலும் நாட்டின் கடிவாளம் அறுந்துபோகாமல் காத்தவை இரண்டு: குடியரசுத் தலைவரின் நிதானமும், தமக்கெனப் பதவி நாடாத விருதுநகர்க்காரரின் கலந்தாய்வும்.

அத்தகையவரைத் தம் சொந்த ஊர் 1967 பிப்ரவரியில் தோற்கடித்தது. விருதுநகர் சட்டமன்றத் தொகுதியில் தி.மு.க.வின் இளைஞரான பெ. சீனிவாசனிடம் 1,285 வாக்கு வேறுபாட்டில் காமராஜர் தோற்றார். அரிசித் தட்டுப்பாடும் 1965இன் இந்தி எதிர்ப்பு எழுச்சியும் மாநிலமெங்கும் வீசிய காற்றாக இருந்தன. முஸ்லிம் லீகும் தி.மு.க. அணியில் நின்றது. 1969 ஜனவரியில் நாகர்கோவில் இடைத்தேர்தலில் வென்று காமராஜர் மக்களவைக்குச் சென்றார். இந்தத் தோல்வியையும் இந்த வெற்றியையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். அடுத்து வரும் கணக்கில் இரண்டுக்கும் இடமுண்டு.

ஜாகிர் ஹுசைனும் ஹிதாயத்துல்லாஹ்வும்

1967 மே மாதத் தேர்தலில் டாக்டர் ஜாகிர் ஹுசைன் 4,71,244 வாக்கு மதிப்புப் பெற்று, 3,63,971 பெற்ற முன்னாள் தலைமை நீதிபதி சுப்பாராவை வென்றார். ஜாமிஆ மில்லிய்யாவைக் கட்டிக் காத்த கல்வியாளர்; பீகார் ஆளுநர்; குடியரசுத் துணைத் தலைவர். முஸ்லிம் ஒருவர் குடியரசுத் தலைவரானது அதுவே முதன்முறை. ஈராண்டுகள் நிறைவதற்குள் 1969 மே 3இல் பதவியிலிருக்கும்போதே அவர் மறைந்தார். ஜாமிஆ வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

துணைத் தலைவர் வி.வி. கிரி தற்காலிகத் தலைவரானார். அவரும் விலகினால் அப்பொறுப்பை ஏற்பவர் யார் என்பதற்கு அதுவரை சட்ட ஏற்பாடு இல்லை. 1969 மே மாத இறுதியில் நாடாளுமன்றம் அவசரமாக ஒரு சட்டம் இயற்றி, அந்நிலையில் இந்தியத் தலைமை நீதிபதி அப்பணியை மேற்கொள்வார் என வகுத்தது. ஜூலை 20இல் கிரி தேர்தலில் போட்டியிடுவதற்காக விலகவே, தலைமை நீதிபதி முகம்மது ஹிதாயத்துல்லாஹ் குடியரசுத் தலைவர் பொறுப்பை ஏற்றார். மனிதன் சந்திரனில் கால் வைத்த செய்தியை உலகம் கேட்டுக்கொண்டிருந்த அதே நேரம் அது. சந்திரப் பயணிகளைப் பசிபிக் கடலில் வரவேற்றுவிட்டு ஆசியப் பயணம் மேற்கொண்ட அமெரிக்க அதிபர் நிக்சன் ஜூலை 31இல் டில்லி வந்தபோது, இந்தியாவின் சார்பில் அவரை வரவேற்ற நாட்டுத் தலைவர் ஹிதாயத்துல்லாஹ்வே.

அவர் அப்பொறுப்பில் இருந்தது 35 நாட்களே. நம் மாணவர் கொண்டுவந்த படத்தாளில் அவர் முகம் இல்லை. ஆயினும் அந்த 35 நாட்களில் ஒரு செய்தி குறிக்கத்தக்கது. பதினான்கு வங்கிகளை நாட்டுடைமையாக்கிய அவசரச் சட்டத்தில் கிரி ஜூலை 19இல், விலகுவதற்கு முந்திய நாளில், கையொப்பமிட்டார். அதற்குப் பதிலாக நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்கு ஆகஸ்ட் 9இல் இசைவளித்தவர் ஹிதாயத்துல்லாஹ். பின்னர் அச்சட்டத்தை எதிர்த்த வழக்கு 11 நீதிபதிகள் கொண்ட அமர்வின் முன் வந்தது. தலைமை நீதிபதியாக மீண்டிருந்த அவர் அவ்வமர்வில் இல்லை. ஒருவர் தம் கையொப்பத்துக்குத் தாமே நீதிபதியாக அமராத அந்நிலை நம் சிந்தனைக்குரியது.

வாக்கின் கணக்கு

1969 ஜூலை 12இல் பெங்களூரில் காங்கிரசின் நாடாளுமன்றக் குழு கூடி வேட்பாளரைத் தேர்ந்தது. காமராஜர், மொரார்ஜி, எஸ்.கே. பாட்டீல், சவாண் ஆகியோர் சஞ்சீவ ரெட்டியை ஆதரித்தனர். இந்திரா காந்தியும் பக்ருத்தீன் அலி அகமதும் ஜகஜீவன் ராமை ஆதரித்துச் சிறுபான்மையாயினர். கிரி சுயேச்சையாகக் களமிறங்கினார். கட்சி வேட்பாளருக்கே வாக்களிக்குமாறு கட்டளையிட மறுத்த இந்திரா, உறுப்பினர்கள் மனச்சாட்சிப்படி வாக்களிக்கலாம் என்றார். கட்சித் தலைவர் நிஜலிங்கப்பா இரண்டாம் விருப்ப வாக்குகளுக்காகச் சுதந்திராக் கட்சியுடனும் ஜனசங்கத்துடனும் பேசியது அவருடைய வாதத்துக்கு வலுவூட்டியது. தி.மு.க., பொதுவுடைமைக் கட்சிகள், முஸ்லிம் லீக் ஆகியவை கிரியை ஆதரித்தன.

இத்தேர்தலில் ஒவ்வொரு வாக்கும் ஒரே எடை உடையதன்று. மாநில மக்கள்தொகையைச் சட்டமன்ற இடங்களின் எண்ணிக்கையால் வகுத்து, மேலும் 1,000ஆல் வகுத்தால் வருவதே ஒரு சட்டமன்ற உறுப்பினரின் வாக்கு மதிப்பு. 1961 கணக்கின்படி தமிழகத்தின் மக்கள்தொகை 3 கோடியே 36 லட்சத்து 86 ஆயிரத்துச் சொச்சம், இடங்கள் 234, ஆகவே ஓர் உறுப்பினரின் மதிப்பு 144. எல்லா மாநிலச் சட்டமன்றங்களின் மொத்த மதிப்பை நாடாளுமன்ற உறுப்பினர் எண்ணிக்கையால் வகுக்க, ஒரு நாடாளுமன்ற உறுப்பினரின் மதிப்பு 576 என வந்தது. பின்னர் 1971ஆம் ஆண்டுக் கணக்கே நிலையான அடிப்படையாக்கப்பட்டதால் இன்று தமிழகச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் மதிப்பு 176 ஆகும்.

ஆகஸ்ட் 16இல் வாக்குப்பதிவு, 20இல் எண்ணிக்கை. முதல் விருப்பத்தில் கிரி 4,01,515, ரெட்டி 3,13,548, தேஷ்முக் 1,12,769 பெற்றனர். வெற்றிக்குத் தேவையான பாதிக்கு மேற்பட்ட அளவு 4,18,169. எவரும் அதனை எட்டவில்லை. குறைந்த வாக்குப் பெற்றவர்களை ஒவ்வொருவராக நீக்கி, அவர்தம் வாக்குச் சீட்டுகளில் குறிக்கப்பட்ட இரண்டாம் விருப்பங்களைச் சேர்த்தபோது கிரி 4,20,077ஐயும் ரெட்டி 4,05,427ஐயும் அடைந்தனர். தேவையான அளவை விடக் கிரி பெற்ற மிகுதி 1,908 மட்டுமே. இருவருக்குமிடையே வேறுபாடு 14,650.

இப்போது நம் வட்டாரத்துக்கு வருவோம். அன்றைய தமிழகச் சட்டமன்றத்தில் தி.மு.க. உறுப்பினர் 130க்கு மேற்பட்டவர். ஆளுக்கு 144 எனக் கணக்கிட்டால் அம்மதிப்பு 18,700ஐத் தாண்டுகிறது. அதாவது, தேர்தலைத் தீர்மானித்த வேறுபாட்டைவிட அதிகம். விருதுநகரின் உறுப்பினரும் அக்கட்சியைச் சார்ந்தவரே. காமராஜரோ நாகர்கோவிலின் உறுப்பினராக 576 மதிப்புள்ள ஒரு வாக்குக்கு உரியவராக நின்றார். 1967இல் தமிழகமெங்கும் வாக்குச்சாவடிகளில் நேர்ந்த மாற்றம், இரண்டரை ஆண்டுகள் கழித்து டில்லியில் யார் அமர்வது என்பதைத் தீர்மானிக்கத் துணைசெய்தது. நம் சிற்றூர் வாக்கு டில்லி வரை செல்லாது எனக் கருதுவோர் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும்.

அமெரிக்காவில் இந்த இரண்டாம் விருப்ப முறை இல்லை. அங்கே 538 தேர்வாளர் வாக்குகளில் 270 பெற்றவர் வெல்வார். எவருக்கும் கிட்டாவிடில் கீழவை முடிவு செய்யும். 1968இல் நிக்சன் 301, ஹம்ஃப்ரி 191, இனப் பாகுபாட்டுக் கொள்கையை முன்னிறுத்திய வாலஸ் 46 பெற்றனர். மக்கள் வாக்கில் நிக்சனுக்கும் ஹம்ஃப்ரிக்கும் இடையே இருந்தது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான இடைவெளி. இரு நாடுகளிலும் அடுத்தடுத்த ஆண்டுகளில் நூலிழையில் முடிவான தேர்தல்கள் இவை.

பெயரில்லாத துண்டறிக்கை

இத்தேர்தலின் பின்கதை ஒன்று சிவகாசியினருக்கு உவப்பாக இருக்கும். சஞ்சீவ ரெட்டியை இழிவுபடுத்தும் துண்டறிக்கை ஒன்று, வெளியிட்டவர் பெயரின்றி, நாடாளுமன்ற உறுப்பினரிடையே உலவியது. கிரியின் வெற்றியை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் தொடுக்கப்பட்ட வழக்கில் அதுவே முக்கியக் குற்றச்சாட்டு. பதவியிலிருந்த குடியரசுத் தலைவரே நேரில் தோன்றிச் சாட்சியம் அளித்தார். அத்துண்டறிக்கை கிரியின் இசைவோடு பரப்பப்பட்டதாகவோ தேர்தல் முடிவை மாற்றியதாகவோ நிறுவப்படவில்லை எனக் கண்டு, 1970இல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல் சுவரொட்டியிலும் துண்டறிக்கையிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் ஆகியோரின் பெயரும் முகவரியும் இருந்தாக வேண்டும். சிவகாசி அச்சகத்தார் தேர்தல்தோறும் சுவரொட்டியின் அடியில் சிறிய எழுத்தில் பொறிக்கும் அந்த ஒரு வரியின் பொருள் இதுதான்: எழுத்துக்குப் பொறுப்பேற்க ஒருவர் வேண்டும். சுவரொட்டிக்கே இவ்விதி என்றால், நாட்டின் ஆணைகளில் இடும் கையொப்பத்துக்கு எத்தகைய பொறுப்பு வேண்டும்!

நள்ளிரவில் ஒரு கையொப்பம்

தேர்தல் பிளவு கட்சியைப் பிளந்தது. 1969 நவம்பர் 12இல் இந்திரா காந்தி கட்சியிலிருந்து நீக்கப்பட்டார்; காங்கிரஸ் இரண்டாயிற்று. பிரதமராக்கியவரும் பிரதமரானவரும் எதிரெதிர் அணிகளில் நின்றனர். 1974 ஆகஸ்ட் 24இல் பக்ருத்தீன் அலி அகமது குடியரசுத் தலைவராகப் பதவியேற்றார். பெங்களூர்க் கூட்டத்தில் இந்திராவுடன் நின்ற இருவர் அணியில் ஒருவர் அவர்.

அதே ஆகஸ்டில் அமெரிக்காவிலும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. 1972 ஜூனில் வாட்டர்கேட் கட்டடத்தில் நடந்த அத்துமீறலை மறைக்க முயன்ற விவகாரத்தில், ஒலிநாடாக்களை ஒப்படைக்குமாறு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1974 ஜூலை 24இல் ஒருமனதாக ஆணையிட்டது. அத்தீர்ப்பை வழங்கியவர்களுள் நிக்சனே நியமித்த நீதிபதிகளும் இருந்தனர். ஆகஸ்ட் 9இல் நிக்சன் பதவி விலகினார்.

ஓராண்டு கழியுமுன், 1975 ஜூன் 12இல், அலகாபாத் உயர் நீதிமன்றம் இந்திரா காந்தியின் தேர்தல் வெற்றி செல்லாது எனத் தீர்ப்பளித்தது. ஜூன் 24இல் உச்ச நீதிமன்றம் நிபந்தனையுடன் கூடிய தடை வழங்கியது. ஜூன் 25 இரவு, உள்நாட்டுக் குழப்பத்தைக் காரணம் காட்டி நெருக்கடி நிலையை அறிவிக்கும் ஆணை குடியரசுத் தலைவர் முன் வைக்கப்பட்டது. அமைச்சரவை அதுவரை கூடவில்லை. நள்ளிரவுக்குச் சற்று முன்னர் பக்ருத்தீன் அலி அகமது கையொப்பமிட்டார். அமைச்சரவை கூடி இசைவளித்தது மறுநாள் காலை 6 மணிக்கு.

இங்கே ஒரு நியாயத்தை நாம் அவர்பால் கருதியாக வேண்டும். அமைச்சரவை உறுதியாக நின்றால் அவ்வாணையைக் குடியரசுத் தலைவர் நிலையாகத் தடுத்திருக்க இயலாது. எனினும் அமைச்சரவையின் ஆலோசனை என்பது பிரதமர் ஒருவரின் கடிதம் அன்று. “அமைச்சரவை கூடியதா?” என ஒரு கேள்வி கேட்கும் உரிமை அவருக்கு இருந்தது, சில மணி நேரம் கேட்கும் உரிமையும் இருந்தது. தலைவர் ஆராய வேண்டும் என்று மாவர்தீ கூறிய இடம் இதுவே. அக்கேள்வி கேட்கப்பட்டிருந்தால் வரலாறு மாறியிருக்கும் என நாம் அறுதியிட மாட்டோம். ஆனால் அப்பதவியின் கடமை நிறைவேறியிருக்கும். குளியல் தொட்டியில் இருந்தபடியே குடியரசுத் தலைவர் ஆணைகளில் கையொப்பமிடுவதாக அபு ஆபிரகாம் 1975 டிசம்பரில் வரைந்த கேலிச்சித்திரம் தணிக்கையையும் தாண்டி வெளியாயிற்று. இன்றளவும் அவருடைய பதவிக் காலத்தை உலகம் அச்சித்திரத்தின் வழியாகவே நினைவுகூர்கிறது.

அதன் விளைவுகளை நம் சமுதாயமும் சுமந்தது. 1975 ஜூலையில் ஆர்.எஸ்.எஸ். இயக்கத்தோடு ஜமாஅத்தே இஸ்லாமியும் தடைசெய்யப்பட்டது. 1976 ஏப்ரலில் பழைய டில்லியின் துர்க்மான் வாசல் பகுதியில் ஏழை முஸ்லிம்களின் குடியிருப்புகள் இடிக்கப்பட்டன. எதிர்த்தவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. அங்கிருந்து குடியரசுத் தலைவர் மாளிகை சில மைல் தொலைவே. அதே மாதம் 28இல், நெருக்கடி நிலையில் சிறைப்பட்டோர் ஆட்கொணர்வு மனுவுடன் நீதிமன்றத்தை அணுக இயலாது என உச்ச நீதிமன்றத்தின் நால்வர் தீர்ப்பளித்தனர். அந்நால்வருள் நீதிபதி மிர்ஸா ஹமீதுல்லாஹ் பேக் ஒருவர். மாறுபட்டு எழுதிய ஒரே நீதிபதி எச்.ஆர். கன்னா. சமுதாயத்தின் பெயரைத் தாங்கியவர் பெரும்பான்மையில் இருந்தார். சிறைப்பட்டோரின் உயிருரிமைக்காக எழுதியவர் வேறு பெயருடையவர். 2017இல் உச்ச நீதிமன்றமே அப்பெரும்பான்மைத் தீர்ப்பைத் தவறெனத் தள்ளியது.

நெருக்கடி நிலையை எதிர்த்த காமராஜர் மனம் நொந்த நிலையில் 1975 அக்டோபர் 2இல் சென்னையில் மறைந்தார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் முதலமைச்சர் பதவியைத் துறந்த அதே நாள். இறுதி மரியாதை செலுத்த இந்திரா காந்தி வந்தார். 1976இல் அவருக்குப் பாரத ரத்னா வழங்கப்பட்டது. 1977 பிப்ரவரி 11இல் பக்ருத்தீன் அலி அகமது பதவியிலிருக்கும்போதே மறைந்தார். மார்ச் 21இல் நெருக்கடி நிலை நீக்கப்பட்டது. ஜூலையில் சஞ்சீவ ரெட்டி, எட்டாண்டுகளுக்கு முன் தவறவிட்ட அதே பதவிக்குப் போட்டியின்றித் தேர்வானார்.

திருத்தமும் அடுத்த தேர்வும்

1978இன் 44ஆம் திருத்தம் அந்த இரவின் பாடத்தைச் சட்டமாக எழுதியது. அமைச்சரவையின் முடிவு எழுத்து மூலம் தெரிவிக்கப்பட்டாலன்றிக் குடியரசுத் தலைவர் நெருக்கடி நிலையை அறிவிக்கலாகாது. ‘உள்நாட்டுக் குழப்பம்’ என்னும் நெகிழ்வான சொல்லுக்கு மாற்றாக ‘ஆயுதக் கிளர்ச்சி’ என்னும் வரையறை வந்தது. ஆலோசனையை ஒருமுறை மறுபரிசீலனைக்குத் திருப்பியனுப்பும் உரிமையும் 74ஆம் பிரிவில் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டது. மீண்டும் அதே ஆலோசனை வந்தால் அவர் ஏற்க வேண்டும்.

அவ்வுரிமைகளின் பொருளை நம் அண்டை மாவட்டத்தவர் ஒருவரின் பதவிக் காலத்தில் கண்டோம். 2002இல் இராமேசுவரத்தின் டாக்டர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் 9,22,884 வாக்கு மதிப்புப் பெற்றுத் தேர்வானார். 2005 மே மாதம், மாஸ்கோ பயணத்திலிருந்தபோது, பீகார் சட்டமன்றக் கலைப்பு ஆணையில் இரவோடிரவாக ஒப்புதல் அளித்தார். 2006 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அக்கலைப்பு அரசியல் சட்டத்துக்கு முரணானது என்றது. அப்போது பதவி விலகவும் எண்ணியதாக அவரே பின்னாளில் எழுதியுள்ளார். அதே ஆண்டு மே மாதம், ஆதாயம் தரும் பதவிகள் தொடர்பான மசோதா வந்தபோது அவர் அதனை மறுபரிசீலனைக்குத் திருப்பியனுப்பினார். நாடாளுமன்றம் மீண்டும் நிறைவேற்றிய பின்னரே கையொப்பமிட்டார். ஒரே மனிதரின் இரு கையொப்பங்கள் இவை. ஒன்று விரைவில் இடப்பட்டது; மற்றொன்று வினவிய பின் இடப்பட்டது. விரைந்து இட்டதற்காக வருந்தவும் அவர் அறிந்திருந்தார்.

மாணவருக்கு நாம் அளித்த விடை

படத்தாளைக் கொண்டுவந்த மாணவருக்கு நாம் கூறியது இதுதான். அமெரிக்க அதிபரைப்போல இவர்கள் உலகை ஆட்டவில்லை. அதற்கு இப்பதவி ஏற்படுத்தப்படவும் இல்லை. நம்மவர் எத்தனை பேர் என்று எண்ணுவதில் தவறில்லை. பல சமயத்தார் வாழும் நாட்டில் உயர்ந்த இருக்கை எல்லாருக்கும் திறந்திருக்கிறது என்பதற்கு அது சான்று. ஆனால் எண்ணுவதோடு நின்றுவிட்டால் நாம் கணக்கில் பாதியைத்தான் போட்டவர்களாவோம். பதவி அமானிதம். அமானிதத்தைப் பற்றிய விசாரணை, யாரிடம் இருந்தது என்பதோடு முடிவதில்லை. எப்படிக் காக்கப்பட்டது என்பதில்தான் தொடங்குகிறது. அவ்விசாரணையை நம்மவர் என்பதற்காகத் தளர்த்தலும் கூடாது. நம்மவர் அல்லர் என்பதற்காக இறுக்கலும் கூடாது.

அதே அளவுகோலை நம்மீதும் வைத்துப் பார்க்க வேண்டும். பள்ளிவாசல் நிர்வாகத்தில், மதரசாவின் கணக்கேட்டில், வக்ஃபு சொத்தின் குத்தகைப் பத்திரத்தில் நம்முள் பலர் நாள்தோறும் கையொப்பமிடுகிறோம். செயலாளர் நீட்டும் தாளைப் படிக்காமல் ஒப்பமிடும் தலைவர்கள் நம் ஜமாஅத்துகளில் இல்லை என்று எவரால் கூற முடியும்? “கூட்டம் நடந்ததா? முடிவு ஏட்டில் எழுதப்பட்டதா?” என்று கேட்பதற்கு அரசியல் சட்டத் திருத்தம் தேவையில்லை.

மாணவர் படத்தாளை மடித்து எடுத்துக்கொண்டார். போகும்போது, 35 நாட்கள் இருந்தவரின் படம் ஏன் இதில் இல்லை என்று கேட்டார். தற்காலிகமாக இருந்தவர்களை அதில் அச்சிடுவதில்லை என்றோம். அடுத்த தடவை அச்சாகும்போது அடியில் ஒரு வரியாவது சேர்க்குமாறு தம் தந்தையிடம் சொல்லப்போவதாகக் கூறிச் சென்றார்.